ஆஸ்திரேலியாவோட பழைய பாட்டுக்குழு சீக்கர்ஸ் பாட்டு கேட்டவங்க இருக்கீங்களா? அனுபவத்தைச் சொல்லுங்க

டண்டினோங்வாசி:
மெல்பேர்ண் வந்த புதுசு. ஒப் ஷொப் எண்ட ஒரு பழைய சாமான் கடையில பழைய இசைத்தட்டுகளைக் கிண்டிக்கொண்டு நிண்டன். கல்லாவில இருந்த வயசான வெள்ளைக்கார அம்மா எந்த ஊரெண்டு கேட்டா. கொழும்பு எண்டதும் என்ர கையில இருந்த அட்டையில ஒருத்தரைத் தொட்டு, "இவன் உங்கட ஊர்தானே!" எண்டா. கீத் பொட்ஜர். 1941இல கொழும்பில பிறந்தவர். 12 கம்பி கிற்றார் அவற்ற கைதான்.

தட்டை வாங்கி அங்கேயே ஓடவிட்டா. 'ஐல் நெவர் ஃபைண்ட் அனதர் யூ'. உடுப்புகளுக்கு விலைச்சீட்டு குத்திக்கொண்டே தானும் பாடத் தொடங்கினா. குழுவின்ர பாடகி ஜூடித் டரம் பாடுற மெட்டை இல்லை, அடியில ஆம்பிளையள் பாடுற வரியை! ஒரு இடமும் பிசகேல்லை. அண்டையில இருந்து அந்தப் பாட்டு எனக்குத் தலைகீழாத்தான் கேக்குது: ஜூடித் பின்னுக்குப் போயிடுவா, கீழ்க்குரல் முன்னுக்கு வந்திடும். டொம் ஸ்பிரிங்ஃபீல்ட் போட்ட மெட்டு எல்லாத்திலயும் இந்த வேலை இருக்கு. 'கார்னிவல் இஸ் ஓவர்' கேட்டுப் பாருங்கோ.

ஆழ்வார்பேட்டை:
சார், 'கார்னிவல்' மெட்டு ஸ்பிரிங்ஃபீல்டோடது இல்ல. வார்த்தைதான் அவரோடது. மெட்டு ரஷ்யாக்காரங்களோட 'ஸ்டெங்கா ராசின்' பாட்டு. இதை நான் கத்துக்கிட்ட விதம்தான் மறக்கல. கஸ்தூரி ரங்கா ரோடு ரஷ்யன் சென்டர்ல ஒரு சாயங்காலம். மேடையில அந்தப் பாட்டு ஆரம்பிச்சதும், சிலோன் ரேடியோ கேட்டு வளர்ந்த என் பெரியப்பா இங்கிலீஷ்ல சேர்ந்து பாட ஆரம்பிச்சுட்டார். முன் வரிசை ரஷ்ய அம்மா திரும்பித் திரும்பிப் பார்க்கறாங்க. அவங்க பாட்டுல ராசின்ங்கற கலகத் தலைவன் தன் பாரசீக இளவரசியை வோல்காவுல தூக்கிப் போடற கட்டம்! இவர் கண்ணை மூடிக்கிட்டு காதலிகிட்ட உருக்கமா விடை வாங்கிட்டிருக்கார்.

ஊசிமுனை:
மூர் மார்க்கெட் 1985ல எரியறதுக்கு முன்னாடி அங்க ஒரு சீக்கர்ஸ் எல்.பி. வாங்கினேன். கடைக்காரர் லுங்கியாலயே துடைச்சுக் கொடுத்தார். அது இன்னும் வயித்தைக் கலக்குது.

அதனால சொல்றேன். பழைய தட்டு வாங்கினா உடனே ஓட்டாதீங்க. வெதுவெதுப்பான தண்ணி, ஒரு சொட்டு சோப்பு, மெத்துன்னு துணி. கோடு போற வாக்குல வட்டமா துடைக்கணும், குறுக்கே இழுத்தா கீறல்தான். நடுவுல லேபிள் நனையக் கூடாது. நிழல்ல காயணும், வெயில்ல வெச்சா வளைஞ்சுடும். படுக்க வெச்சு அடுக்காதீங்க, நிக்க வைங்க. ஊசி தேஞ்சிருந்தா முதல்ல மாத்துங்க. ஜூடித் மேல ஏறும்போது சத்தம் கிழியுதுன்னா குத்தம் அந்தம்மா மேல இல்ல. அப்புறம் 'டீச் த வேர்ல்ட் டு சிங்' இவங்க பாட்டுன்னு கேட்டு வராதீங்க. கோகோ கோலா விளம்பரத்துலேர்ந்து வந்த பாட்டு, பாடினது நியூ சீக்கர்ஸ்ங்கற வேற குழு.

பரமட்டா:
அந்த நியூ சீக்கர்ஸை 1969ல ஆரம்பிச்சதே நம்ம கீத் பொட்ஜர்தான், அதையும் சொல்லுங்க. கீழ்க்குரல்னு முதல்ல ஒருத்தர் எழுதியிருக்கார். ஏத்துக்க முடியல. 1968ல ஜூடித் விலகினதும் குழுவே கலைஞ்சது. 1967 மார்ச்ல மெல்போர்ன் சிட்னி மயர் பௌல் திறந்தவெளி அரங்குல 2 லட்சம் பேர் கூடினது கான்ட்ராபாஸ்ங்கற பெரிய அடிசுர வாத்தியத்தைக் கேட்கவா, ஜூடித் குரலைக் கேட்கவா?

நான் பார்த்தது 2000ல, சிட்னி பாராலிம்பிக்ஸ் நிறைவு விழாவுல. ஜூடித் சக்கர நாற்காலியில வந்தாங்க. பக்கத்து சீட் ஆள், "இந்த விழாவுக்காக உட்கார வெச்சிருக்காங்க, நாடகம்" என்றார். நிஜமாவே அவங்களுக்கு இடுப்பெலும்பு முறிஞ்சிருந்தது. ஒலிம்பிக்ஸ் நிறைவுல பாட வேண்டியது அதனாலதான் தவறிப் போச்சு. உட்கார்ந்தபடியே 'கார்னிவல்' பாடினாங்க, 57 வயசுல, குரல்ல ஒரு நடுக்கம் கிடையாது. அந்த ஆளும் கை தட்டினார். 2022 ஆகஸ்ட்ல ஜூடித் போயிட்டாங்கன்னு செய்தி வந்தப்ப எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது அந்த ஆள்தான். கோபம் இன்னும் தீரல.

டண்டினோங்வாசி:
பரமட்டா, ஜூடித் வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. அந்தக் கடை அம்மா பாடினதை நீங்கள் கேட்டிருக்கோணும், அவ்வளவுதான். ஊசிமுனை அண்ணை, தட்டு கழுவுறதைப் பற்றி நான் கேக்கவே இல்லையே. என்னட்டப் பிளேயரே இல்லை.

ஊசிமுனை:
பிளேயர் இல்லையா? அப்போ அதைப் பத்தி முதல்ல சொல்லணும். சூட்கேஸ் மாதிரி வர்றதை மட்டும் வாங்கிடாதீங்க…