பீரோ சாவி யாரிடம் இருக்கிறது?

தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை, கிருஷ்ணகிரி மாவட்டம்

2016இல் பதவி உயர்வு கிடைத்து மலையடிவாரத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளிக்குப் போனேன். பொறுப்பு ஒப்படைத்த அன்று முந்தைய தலைமையாசிரியர் என் கையில் வைத்தது ஒரு சாவிக்கொத்து. மொத்தம் 11 சாவி. ஒவ்வொன்றிலும் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி எண் எழுதியிருந்தார். இருப்புப் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு இருவரும் ஒவ்வொரு பூட்டாகத் திறந்தோம்.

மூன்றாம் எண் பீரோவைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை குப்பென்று வந்தது. உள்ளே கதைப்புத்தகங்கள், இருநூற்றுச் சொச்சம். கணித உபகரணப் பெட்டி ஒன்று, அதன் மேல் ஒட்டியிருந்த டேப்பைக்கூட யாரும் பிரிக்கவில்லை. ஸ்கிப்பிங் கயிறு, கேரம் போர்டு, பூகோள உருண்டை எல்லாம் இருந்தன. பதிவேட்டில் இருந்த எண்ணிக்கைக்கும் பீரோவில் இருந்ததற்கும் ஒன்றுகூட வித்தியாசம் இல்லை.

"எதுக்கு சார் பூட்டியே வச்சிருக்கீங்க?" என்றேன்.

"ஆடிட்ல ஒண்ணு குறைஞ்சாலும் நம்ம தலையிலதான் மேடம் விழும். முந்தி இருந்த ஸ்கூல்ல ஒரு குளோப் காணாம போய், நான் கைக்காசு கட்டினேன்."

அவரை மோசமான ஆசிரியர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்தப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொன்றும் 16ஆம் வாய்ப்பாடு வரை தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும். பயம்தான் பிரச்சினை. அந்தப் பயத்தையும் அவராக வளர்த்துக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் வகுப்பறையில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குக் கயிறு கட்டிப் புத்தகங்களைத் தொங்கவிட்டேன். முதல் நாள் ஒருவரும் தொடவில்லை. மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி கிட்டே வந்து, "டீச்சர், இத கிழிச்சா அடிப்பீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்படியும் நம்பாமல் பாவாடையில் கையைத் துடைத்துவிட்டுத்தான் எடுத்தாள்.

அப்புறம் கிழிந்தது, நன்றாகவே கிழிந்தது. அந்த வருடக் கடைசியில் 14 புத்தகம் கிழிந்து நார்நாராகிப்போனது, 5 புத்தகம் வீட்டுக்குப் போய்த் திரும்பவில்லை. ஆய்வுக்கு வந்த வட்டாரக் கல்வி அலுவலர் கணக்கைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். கிழிந்தவற்றைக் கட்டாகக் கட்டி வைத்திருந்தேன், அதை எடுத்துக் காட்டினேன். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தவர், "எஸ்.எம்.சி.யில, அதான் பள்ளி மேலாண்மைக் குழுவுல, ஒரு தீர்மானம் போட்டு வைங்கம்மா. 'பயன்பாட்டில் சேதம்'னு எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். போட்டார்.

அந்த ஒரு கையெழுத்து இல்லாமல் இருந்திருந்தால் நானும் மறுபடி பூட்டியிருப்பேன். உங்கள் பள்ளியில், கல்லூரியில் சாவி யாரிடம் இருந்தது? நடந்ததை எழுதுங்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் பயிற்றுநர்

டீச்சர், உங்கள் பீரோவைப் படித்ததும் எனக்குச் செயல்வழிக் கற்றல் அட்டைகள்தான் நினைவுக்கு வந்தன. 2003இல் சென்னை மாநகராட்சியில் 13 பள்ளிகளில் சோதனையாகத் தொடங்கியது. அப்போது ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் பிறகு அனைவருக்கும் கல்வி இயக்கத்துக்கு வந்தார். 2007இல் மாநிலம் முழுக்கத் தொடக்கப்பள்ளிகளுக்கு அது வந்துவிட்டது. மூல யோசனை ஆந்திரத்து ரிஷி வேலிப் பள்ளியிலிருந்து எடுத்தது.

அதன் உயிர்நாடி ஒன்றே ஒன்று: பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படத்தில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்து, அதற்குரிய அட்டையைப் பிள்ளையே தட்டிலிருந்து எடுக்க வேண்டும். சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, அதில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி இடம். ஆசிரியர் பாயில் உட்கார வேண்டும். நாற்காலியை விட்டு இறங்கச் சொன்னதில் எத்தனை பேருக்குக் கோபம் என்று உங்களில் பழையவர்களுக்குத் தெரியும்.

நான் போன ஒரு பள்ளியில் அட்டைகள் எல்லாம் மழுங்கி, மூலை சுருண்டு, எண்ணெய்க் கறையோடு கிடந்தன. படம் அழிந்த இடத்தில் ஒரு பையன் பேனாவால் வாலை வரைந்து குரங்கை முழுசாக்கியிருந்தான். இன்னொரு பள்ளியில் அட்டைகள் பாலிதீன் உறைக்குள் பளபளவென்று இருந்தன. நான் வரும் செய்தி தெரிந்துதான் அவற்றைத் தட்டில் அடுக்கியிருக்கிறார்கள்.

இதில் என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். என் கையிலிருந்த படிவத்தில் முதல் கேள்வியே அட்டைகள் முழு எண்ணிக்கையில் உள்ளனவா என்பதுதான். பாலிதீன் பள்ளிக்கு முழு மதிப்பெண் போட்டேன். எண்ணெய்க் கறைப் பள்ளியில் 'குறைபாடு' என்று எழுதினேன். அந்தப் பள்ளியின் ஆசிரியை என் முகத்தைப் பார்த்த பார்வை இன்னும் போகவில்லை. அவர் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் திணறாமல் வாசித்தது. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

2022 ஜூனில் தொடக்க வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது எனக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் எழுத்து தெரியாத பிள்ளைக்கு அரும்பிலிருந்து தொடங்குவது எனக்குப் பிடித்தது. என்னிடம் வந்த ஆசிரியர்கள் முதல் முறையாக 'பாடம் முடிக்கணுமே' என்று கேட்கவில்லை. ஆனால் மதிப்பீட்டை எல்லாம் செல்போன் செயலியில் ஏற்ற வேண்டும் என்றானதும் பழைய படிவம் புது உருவத்தில் வந்துவிட்டது.

பட்டதாரி ஆசிரியர், அரசு நடுநிலைப்பள்ளி

சார் கடைசியில் சொன்னீர்களே, அதுதான் என் கதை முழுக்க. எங்கள் பள்ளியில் எந்தப் பீரோவுக்கும் பூட்டு கிடையாது. நேரம்தான் கிடையாது. வருகைப் பதிவு, உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு, ஆதார் திருத்தம், எமிஸ் என்ற மாணவர் விவர இணையதளத்தில் பிறந்த தேதி மாற்றம், கூட்டப் படம் ஏற்றுவது. சிக்னல் கிடைக்காமல் நான் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நிற்பதைப் பார்த்து ஏழாம் வகுப்புப் பையன்கள் எனக்கு 'டவர் சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் இந்த மூன்றைத் தவிர ஆசிரியரைக் கல்வி சாராத வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது. செல்போனில் புள்ளிவிவரம் ஏற்றுவது கல்வி சார்ந்த வேலைதான் என்று யார் முடிவு செய்தார்கள்?

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி, திருப்பூர்

நான் டீச்சர் இல்லைங்க, பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். 2022இல் குழுவைப் புதுசாக அமைத்தபோது, 20 பேரில் பெற்றோர்தான் அதிகம் இருக்கணும், தலைவி ஒரு அம்மாவாக இருக்கணும் என்றார்கள். என் மகள் அப்போது ஆறாவது. கை தூக்கிவிட்டேன்.

முதல் கூட்டத்தில் தீர்மான நோட்டில் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். "எழுதிட்டுக் குடுங்க, படிச்சுட்டுப் போடறேன்" என்றேன். அன்றைக்கே என் பேர் கெட்டுப்போச்சு. கூட்டம் வெள்ளிக்கிழமை மதியம், போனால் அரை ஷிப்ட் சம்பளம் கட்.

மேலே அக்கா சாவியைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். எங்கள் பள்ளியில் பூட்டியிருந்தது பெண் பிள்ளைகளின் கழிப்பறை. அஞ்சு அறை இருந்தது, நாலு பூட்டு. கழுவ ஆள் இல்லை என்று பூட்டியிருக்கிறார்கள். என் மகள் காலையில் கொண்டுபோன தண்ணி பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டுவருவாள். வெயிலுக்குத் தாகம் எடுக்கலையா என்று திட்டிக்கொண்டிருந்தேன், காரணம் தெரியாமல். மாதவிலக்கு நாளில் லீவு போடும் பிள்ளைகள் எத்தனை என்று பதிவேட்டைப் பார்த்துக் கணக்கு எடுத்தது எங்கள் குழுவில் இருக்கிற இன்னொரு அம்மா, எட்டாவது வரைக்கும்தான் படித்தவர். அவர் கணக்கைச் சொன்னதும் கூட்டத்தில் ஆம்பளைங்க எல்லாம் குனிந்துகொண்டார்கள்.

மூணு மாசம் தீர்மானம் போட்டோம், நகராட்சிக்கு நடந்தோம். கழுவ ஒரு அம்மா வந்தார். பூட்டைக் கழற்றினோம். ஹெட்மாஸ்டருக்கு என் மேல் கோபம் இருந்தது, ஆனால் கடைசி மனுவை அவர்தான் நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தார்.

முன்னாள் மாணவர், தனியார் விடுதிப் பள்ளி

எங்கள் பள்ளியில் பூட்டி வைத்தது ஒரு முழு வருடத்தை. 2010இல் பதினோராம் வகுப்பு சேர்ந்தேன். ஜூனிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். பிளஸ் ஒன் புத்தகம் வாங்கின கட்டோடு டிரங்குப் பெட்டியில் கிடந்தது. வேதியியலில் அதே 5 மதிப்பெண் கேள்வியை நாற்பது தடவையாவது எழுதியிருப்பேன். மதிப்பெண் கொட்டியது. பொறியியல் முதல் செமஸ்டரில் பேராசிரியர் வெக்டரைத் தெரிந்ததாக வைத்துக்கொண்டு மேலே போனார். எனக்கு அரியர் விழுந்தது.

2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தபோது தம்பிகள் புலம்பினார்கள், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்தது உண்மை. எங்கள் விடுதி மாதிரி இடங்களில் அந்தப் புத்தகம் மறுபடி டிரங்குப் பெட்டிக்குப் போகாமல் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் என் கேள்வி.

கௌரவ விரிவுரையாளர், கலைக் கல்லூரி

கல்லூரிக் கதை சின்னதுதான். கல்லூரிக்குத் தரமதிப்பீடு போடும் நாக் (NAAC) குழு வரும் வாரத்தில் துறை நூலகம் திறக்கும், மின்விசிறி சுற்றும், வாடகைப் பூந்தொட்டி வரும். குழு கார் ஏறியதும் தொட்டிகளை ஏற்ற வேன் வரும்.

இடையில் ஒரு முதல்வர் இரண்டே வருடம் இருந்தார். அவர் செய்தது ஒன்றுதான்: முதலாண்டு வகுப்புகளை எங்களைப் போன்ற தற்காலிக ஆட்கள் தலையில் கட்டாமல், மூத்த பேராசிரியர்களே எடுக்க வேண்டும் என்றார். தானும் வாரம் இரண்டு மணி நேரம் எடுத்தார். முதலாண்டில் பாதியில் நிற்கும் பையன்கள் அந்த இரண்டு வருடம் கண்கூடாகக் குறைந்தார்கள். அவருக்குப் பின் வந்தவர் கால அட்டவணையைப் பழையபடி மாற்ற ஒரு மதியம்தான் ஆனது.

தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை, கிருஷ்ணகிரி மாவட்டம்

எல்லாருக்கும் நன்றி. திருப்பூர் அம்மா, வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் என் பள்ளியிலும் இருந்தது. நானே வாங்கியிருக்கிறேன். இந்த மாதக் கூட்டத்திலிருந்து எழுதிப் படித்துக் காட்டிவிட்டுத்தான் நோட்டை நீட்டப்போகிறேன்.

கையெழுத்துப் போட்ட அலுவலர் மாறுதலாகிப் போய்விட்டார். அடுத்து வந்தவர் போட மறுத்தார். 9 புத்தகத்துக்கு நான் கைக்காசு கட்டினேன், வீட்டில் சொல்லவில்லை. கொத்தில் இப்போது 4 சாவிதான் இருக்கிறது. மீதி 7 பூட்டையும் காயலான் கடையில் போடலாம் என்று பார்த்தால், பூட்டும் இருப்புப் பதிவேட்டில் இருக்கிறதாம். அதற்கும் ஒரு தீர்மானம் போட்டு அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.