மலேசியாவின் 2யூ2ஐ பட்டப் படிப்பில் இருந்தவர்கள், மனசை விட்டுப் போகாத ஒரு நாளைச் சொல்லுங்கள்

பாடாங் செராய் பையன்

நானே ஆரம்பிக்கிறேன். மூன்றாம் ஆண்டு, கூலிமில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனி. இரண்டு வருடம் கேம்பஸ், இரண்டு வருடம் கம்பெனி என்ற கதையெல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

செம்பனைக் குலையைப் படம் பிடித்தால் பழமா காயா என்று சொல்லும் ஆப். அதற்குப் பாடம் சொல்லிக் கொடுக்க ஆயிரக்கணக்கில் படங்கள் வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்து 'பழம்', 'அரைப்பழம்', 'காய்' என்று பொத்தானை அமுக்குவது என் வேலை. கேம்பஸ் அசைன்மென்ட்டை முடித்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் உட்காருவேன். ஒரு படத்துக்கு இரண்டு விநாடி. கறுப்பாக இருந்தால் காய், செம்மஞ்சளாக இருந்தால் பழம். தோட்டத்தில் பிறந்தவனுக்கு இதுகூடத் தெரியாதா என்ற திமிர் வேறு.

முதல் சோதனையை அப்பா பழம் வெட்டும் தோட்டத்தில் வைத்தார்கள். அவர் என் அப்பா என்று சூப்பர்வைசரிடம் நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள்.

காலை பத்து மணி. ரோட்டோரப் பிளாட்பாரத்தில் குலைகள் வரிசையாகக் கிடந்தன, காம்பு எங்களைப் பார்த்தபடி. வெட்டிய காம்பில் 27 என்று எழுதியிருந்தது. அப்பாவின் நம்பர். வீட்டில் அவருடைய தண்ணீர்க் குப்பியிலும் அதே 27-தான். டேப்லெட்டை மேலே பிடித்துக்கொண்டே போனேன். பதினொரு குலை அரைப்பழம் என்று வந்தது.

அப்பா குலை வெட்டும் சவுளை மரத்தில் சாய்த்துவிட்டு வந்தார். சூப்பர்வைசரைப் பார்த்து, கொஞ்சம் புரட்டிப் பாருங்கள், அடியில் உதிர்ந்திருக்கும் என்று மலாயில் சொன்னார். அவர் சொன்னது சரி. ஆலையில் தரம் பார்க்கும்போது, பழம் உதிர்ந்த புதுக் குழி குறைந்தது பத்தாவது இருந்தால்தான் அது பழுத்த குலை. நிறம் மட்டும் போதாது. எங்கள் ஆப்போ மேலே தெரியும் ஒரு பக்கத்தை மட்டும்தான் பார்க்கும்.

திரையில் 'மாற்று' என்று ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் என் பெயர் பதிவாகும். சூப்பர்வைசர் பக்கத்திலேயே நிற்கிறார். நான் தலையை நிமிர்த்தி, "பாக்சிக், சிஸ்டம் தா போலே உபா" என்றேன். மாமா, சிஸ்டத்தை மாற்ற முடியாது என்று.

பாக்சிக். யாரோ ஒரு பெரியவரைக் கூப்பிடுவது போல, பெற்ற அப்பாவை.

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். அப்புறம் "ஓகே போஸ்" என்று சொல்லிவிட்டுச் சவுளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெறும் சோதனைதான், சம்பளத்தில் ஒரு காசு பிடிக்கவில்லை. அதைச் சொல்லி மனசைத் தேற்றிப் பார்த்தேன், ஆகவில்லை.

லூனாஸ்காரி

ஐயோ தம்பி. படித்ததும் வயிறு என்னமோ செய்தது.

என் கதை சின்னது. கூலிம் ஹைடெக் பார்க்கில் ஒரு சிப் தொழிற்சாலை, மஞ்சள் விளக்கு அறை. (சிப் செய்யும் சிலிக்கன் தட்டில் பூசும் ரசாயனம் நீல ஒளி பட்டால் கெட்டுவிடும், அதனால் அங்கே பகலும் மஞ்சள், ராத்திரியும் மஞ்சள்.) அன்றைக்கு ராத்திரி 11.59-க்குள் ஆன்லைன் தேர்வை அனுப்ப வேண்டும். ஷிப்ட் ஏழு முதல் ஏழு. போனை உள்ளே கொண்டு போக முடியாது. லீடரிடம் கெஞ்சி 11.40-க்கு வெளியே வந்தேன். முகமூடி, தலைமூடி, மேலுடை, பூட்ஸ் என்று ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும், அவசரம் என்றால் ஜிப் மாட்டிக்கொள்ளும், மாட்டிக்கொண்டது. இரண்டு கையுறைக்குள் ஊறிப்போன விரல், போன் ரேகையை ஏற்கவே மாட்டேன் என்கிறது. லாக்கர் முன்னால் குந்தியபடி பாவாடையில் விரலைத் துடைத்துத் துடைத்து அமுக்குகிறேன். 12.01.

விரிவுரையாளர் பதில் போட்டார்: தொழிற்சாலைதானே உங்கள் வகுப்பறை, நேரத்தை அங்கே கற்றுக்கொள்ளவில்லையா? இப்போதும் மஞ்சள் விளக்கைப் பார்த்தால் விரல் ஈரமாக இருப்பது போலவே இருக்கும்.

ஹைடெக் பழைய ஆள்

தம்பி, நீ செய்தது தப்பே இல்லை. வேலை வேறு, வீடு வேறு. அப்பாவுக்குச் சம்பளமும் போகவில்லை, அப்புறம் என்ன?

நான் 1997-ல் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம்.-ஓடு ஆபரேட்டராக நுழைந்தவன், பார்க் திறந்து அப்போதுதான் ஒரு வருடம். முதல் நாள் நிலைமின்சாரம் தடுக்கும் மணிக்கட்டு வாரை மாட்டாமல் போர்டைத் தொட்டுவிட்டேன். ஜப்பான் இன்ஜினியர் ஒன்றுமே பேசவில்லை, வந்து என் கையைப் பிடித்து வாரை மாட்டிவிட்டுப் போனார். லைன் முழுக்கச் சிரித்தார்கள். என் கதை அவ்வளவுதான்.

இப்போது பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். முதலில், கம்பெனி தரும் கடிதத்தில் உங்களை என்னவென்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள், தொழிலாளியா மாணவரா? 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தில் வாரத்துக்கு 45 மணி நேரம், முன்பு 48. மாணவர் என்று எழுதியிருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும், கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள். பயிற்சி லாக் புக்கில் வாரா வாரம் கையெழுத்து வாங்குங்கள், கடைசி மாதத்தில் சூப்பர்வைசர் வேலை மாறிப் போய்விட்டால் யாரைத் தேடுவீர்கள்? முதல் வகுப்பு வாங்கினால் பி.டி.பி.டி.என். கல்விக் கடனிலிருந்து விலக்கு உண்டு, நிபந்தனைகளை நீங்களே படியுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று நம்பாதீர்கள். இங்கிலாந்தில் 2015-லிருந்து வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிக்கும் டிகிரி அப்ரண்டிஸ் என்று வைத்திருக்கிறார்கள், அங்கே பிள்ளை ஒரு காசு கட்டணம் கட்ட வேண்டாம், சம்பளமும் கிடைக்கும். பெரிய கம்பெனிகள் சம்பளப் பட்டியலில் அரை சதவீதம் அதற்கென்றே கட்ட வேண்டும், 2017-லிருந்து. நம் ஊரில் அலவன்ஸும் வாங்கி, கடனும் வாங்கி, அந்தக் கடனில் கேம்பஸ் கட்டணத்தையும் கட்டுகிறீர்கள். அதனால் கேட்க வேண்டியதைக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். லூனாஸ் தங்கச்சி, நீயும் முதல் நாளே மெயில் போட்டிருக்க வேண்டும்.

லூனாஸ்காரி

போட்டேன் அண்ணா. இரண்டு மெயில்.

தண்ணீர்த் தொட்டி

அண்ணே, கோவித்துக்கொள்ளாதீர்கள். தம்பி கடன் கணக்கா கேட்டான்? 'வேலை வேறு, வீடு வேறு' என்பது தாமான் குடியிருப்பில் வீடு வாங்கிப் போனவர்கள் பேசும் பேச்சு. எங்களுக்கு இரண்டும் ஒரே செம்மண் ரோட்டில்தான்.

எனக்கு நடந்தது இது. வீட்டிலிருந்து வேலை செய்த மாதம். தோட்டத்து லயத்தில் போன் லைன் வராது. கோயிலுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டித் திட்டில் ஏறி நின்றால்தான் இரண்டு கோடு வரும். தினமும் காலை ஒன்பதுக்கு மீட்டிங், நான் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்கு. அன்றைக்கு எங்கள் மாரியம்மன் திருவிழா, கரகம் கிளம்புகிறது. என் முறை வந்து மைக்கைத் திறந்த அதே நொடியில் உருமி எழுந்தது. சாதாரணமாக இல்லை, அருள் வரப்போகும் அடி.

மேனேஜர் கேட்டார், என்ன சத்தம் அது?

"கன்ஸ்ட்ரக்‌ஷன், சார்."

கீழே உருமி அடித்துக்கொண்டிருந்தது என் மாமா. முந்தின நாள் முழுக்கத் தோலைக் காய வைத்து, கயிறு இழுத்துக் கட்டியதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். கன்ஸ்ட்ரக்‌ஷனாம். அந்த மேனேஜர் பினாங்குத் தைப்பூசத்துக்கு வருடா வருடம் போய்ப் படம் எடுக்கிற ஆள் என்பது எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் கேமராவைத் திருப்பிக் காட்டு என்றிருப்பார்.

தம்பி, அப்புறம் வீட்டில் என்ன ஆச்சு? அப்பா பேசினாரா?

பாடாங் செராய் பையன்

அண்ணா, கன்ஸ்ட்ரக்‌ஷன்! சிரிக்கவும் முடியவில்லை.

பழைய ஆள் அண்ணனுக்கு ஒன்று. சம்பளம் போனதா இல்லையா என்பது பிரச்சினையே இல்லை. தோட்டத்து மேற்பார்வையாளர் மண்டோர் அவர் குலையை ஒதுக்கியிருந்தால் அப்பா அங்கேயே சண்டை போட்டிருப்பார், எனக்குத் தெரியும். என்னிடம் போடவில்லை.

அன்றைக்கு ராத்திரி வழக்கம் போல் சாப்பிட்டார், செய்தி பார்த்தார், படுத்துவிட்டார். இரண்டு வாரம் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அப்புறம் கம்பெனியில் படங்களை மறுபடியும் பார்க்கச் சொன்னார்கள், மற்றத் தோட்டங்களிலும் அதே தகராறு. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அமுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா குளித்துவிட்டு வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்னால் நின்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒரு படத்துக்கு எவ்வளவு குடுக்கறான்?"

"படக் கணக்கு இல்லப்பா. மாசத்துக்கு அலவன்ஸ்தான்."

"அப்புறம் ஏன்டா குலைக்குக் காசு வாங்குறவன் மாதிரி இந்த ஓட்டம் ஓடுற? முந்தினதைக் காட்டு."