இந்தோனேசியச் சொற்பட்டியலில் 'பாரு', 'ஜாலான்': எந்தச் சொல்வகை எழுதுவது?

கேள்வி:

கோயம்புத்தூரில் பம்பு ஏற்றுமதி செய்யும் நிறுவனமொன்றில் பணிபுரிகிறேன். சுராபாயாவிலிருந்து வரும் செய்திகளைப் படிப்பதற்காக எக்செலில் ஒரு சொற்பட்டியல் வைத்திருக்கிறேன். ஒரு சொல்லுக்கு ஒரே சொல்வகை என்று அதை அமைத்தேன். 'பாரு' என்பதற்கு 'புதிய, பெயரடை' என எழுதியிருந்தேன். நாங்கள் அனுப்பிய ஐந்து பம்புகளில் இரண்டு புது மாதிரி. 'பாரு டுவா பொம்பா யாங் சாம்பாய்' என்று செய்தி வந்ததும், புது மாதிரி இரண்டும் போய்ச் சேர்ந்துவிட்டன என்று பதிவு செய்துவிட்டேன். அது தவறென்று பிறகு தெரிந்தது. சாலை என்று நான் எழுதியிருந்த 'ஜாலான்' என்ற சொல்லும் 'பொம்பாஞா திடாக் ஜாலான்' என்று வருகிறது. பட்டியலை எப்படித் திருத்துவது?

பதில் 1:

அச்செய்தியின் பொருள் 'இதுவரை இரண்டு பம்புகளே வந்துள்ளன' என்பதாகும். தமிழில் அடைமொழி பெயருக்கு முன்னே நிற்பதால், முன்னே நின்ற 'பாரு'வைப் பெயரடையாகப் படித்துவிட்டீர்கள். இந்தோனேசியத்தில் பெயரடை பெயருக்குப் பின்னேதான் வரும். புதிய பம்புகள் இரண்டு என்றால் 'டுவா பொம்பா பாரு' என்று எழுதியிருப்பார்கள். எண்ணுக்கோ வினைக்கோ முன்னால் நிற்கும் 'பாரு' வினையடை. 'டியா பாரு டாத்தாங்' என்றால் 'அவர் இப்போதுதான் வந்தார்'. 'டியா பாரு மெம்பெலி ருமா பாரு' (அவர் இப்போதுதான் புது வீடு வாங்கினார்) என்ற ஒரே வாக்கியத்தில் இரண்டையும் பார்க்கலாம்.

'ஜாலான்' பெயராகச் சாலை. வினையாக நடத்தல், இயங்குதல். எழுத்து நடையில் 'பெர்ஜாலான்' என்று முன்னொட்டு சேர்ந்து அது வினை என்பதைக் காட்டிவிடும். பேச்சிலும் குறுஞ்செய்தியிலும் அம்முன்னொட்டு உதிர்ந்துவிடுகிறது. அங்கே எதிர்மறைச் சொல்லைப் பாருங்கள். வினையையும் பெயரடையையும் 'திடாக்' மறுக்கும், பெயரை 'புக்கான்' மறுக்கும். 'இனி புக்கான் ஜாலான்' என்றால் 'இது சாலை அன்று'. உங்களுக்கு வந்ததோ 'பம்பு ஓடவில்லை' என்ற புகார், அதற்கு முதலில் பதில் அனுப்புங்கள்.

பதில் 2:

மேலே சொன்ன சோதனை நல்லதுதான். ஆயினும் 'அதுவன்று, இது' என்று இரண்டை எதிரெதிரே நிறுத்தும்போது வினைக்கு முன்னும் 'புக்கான்' வரும் என்பதால், சாதாரண வாக்கியங்களில் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். நம் இலக்கணத்திலும் 'அவனை அடி', 'நல்ல அடி' என்று பகுதியே பெயராகும் முதனிலைத் தொழிற்பெயர் உண்டு. ஆனால் 'அடித்தான்', 'அடியை' என்று விகுதியோ உருபோ வந்து நம்மைக் காப்பாற்றிவிடும். காலம் காட்டும் விகுதியும் வேற்றுமை உருபும் இல்லாத இந்தோனேசியத்தில் அந்தச் சுமையைச் சொல் நிற்கும் இடமே தாங்குகிறது.

இன்னொன்றையும் பிரித்துக்கொள்ளுங்கள். 'பிசா' என்பது 'முடியும்' என்றும் 'பாம்பின் நஞ்சு' என்றும் பொருள்படும். இவை தொடர்பில்லாத இரு சொற்கள் என்பதால், இந்தோனேசியப் பேரகராதியும் எண்ணிட்டுத் தனித்தனிப் பதிவுகளாகவே தருகிறது. உங்கள் பட்டியலிலும் 'பிசா'வுக்கு இரண்டு வரிசைகள் வேண்டும். 'ஜாலான்' ஒரே சொல்லாகையால் ஒரு வரிசையில் இரு சொல்வகைகள் போதும்.

கேட்டவர்:

மிக்க நன்றி. சொல்வகையைச் சொல்லுக்கு எழுதாமல் பொருளுக்கு எழுதி, 'எங்கே நிற்கும்' என்று புதிய பத்தியொன்றும் சேர்த்துவிட்டேன். 'செடாங்' என்ற சொல்லில் சோதித்தேன்: 'உக்குரான் செடாங்' என்பதில் பெயருக்குப் பின் நிற்பதால் 'நடுத்தர அளவு', 'டியா செடாங் மாக்கான்' என்பதில் வினைக்கு முன் நிற்பதால் 'சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்'. சரிதானா?

பதில் 1:

சரிதான். 'ஜாலான்-ஜாலான்' என்று இரட்டித்து வந்தால் மட்டும் கவனம் தேவை. பெயராக இருந்தால் 'சாலைகள்', வினையாக இருந்தால் 'உலாவச் செல்லுதல்'.