புதுப்பிப்பு: 0.8 மில்லிமீற்றர் தகடு ஓட்டையாகாமல் ஒட்டியாச்சு

அப்பாவின் ஏ40 காரின் அடித்தட்டுக்கு வெல்டிங்கில் தகட்டுத் துண்டு ஒட்டும்போது தொட்ட இடமெல்லாம் ஓட்டை விழுகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் 2.5 மில்லிமீற்றர் வெல்டிங் குச்சியை விட்டு, யாழ் டவுனில் தேடி 2 மில்லிமீற்றர் குச்சி வாங்கி, கரண்டை 45 அம்பியருக்கு இறக்கினேன். ஓட்டை குறைந்தது, நிற்கவில்லை. இன்வேர்ட்டர் வெல்டிங் மெஷினில் குச்சி வயரை மைனஸிலும், தகட்டில் கவ்வும் எர்த் வயரைப் பிளஸிலும் மாற்றிப் போடச் சொன்ன அண்ணையின் யோசனைதான் கைகொடுத்தது. அதோடு, பழைய செம்புக் குழாயைத் தட்டையாக அடித்து அடியில் அண்டக்கொடுத்தேன். செம்பில் இரும்பு ஒட்டாது, சூட்டையும் இழுத்துவிடும். கோடாக இழுக்கவில்லை. ஒரு பொட்டு இங்கே, அடுத்தது ஒரு சாண் தள்ளி, சிவப்பு அடங்கிய பிறகு.

எதிர்பாராதது ஒன்று: இரண்டு இடத்தில் அப்போதும் உருகி விழுந்தது. சுரண்டிப் பார்த்தால் கறள் தின்று தகடு கடதாசி மாதிரி. இவ்வளவு நாளும் என் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்! நல்ல இரும்பு வரும்வரை வெட்டிவிட்டுப் பெரிய துண்டாகப் போட்டேன்.

அப்புறம், அடியில் பூசியிருந்த பழைய தார் தீப்பிடித்தது. ஈரச் சாக்கு பக்கத்தில் கிடந்ததால் தப்பினேன். நீங்கள் முதலே சுரண்டிவிடுங்கள்.