அம்மம்மா வீட்டுக் குழு: ஆவணிப் பயணம்

வதனி (ரொறன்ரோ): எல்லோருக்கும் வணக்கம். ஓகஸ்ட் மாதத்துக்குப் பயணச்சீட்டு எடுத்துவிட்டோம். நாங்கள் நால்வரும் அம்மாவும் வருகிறோம். நல்லூர்த் திருவிழாவின் பிற்பாதிக்கு யாழ்ப்பாணத்தில் நிற்போம். பிள்ளைகளுக்கு இம்முறை கோயிலையும் உறவினர் வீடுகளையும் மட்டும் காட்டி அனுப்ப எனக்கு விருப்பமில்லை. உலக முடிவு மலைவிளிம்பு, சிங்கராஜா மழைக்காடு, யால வனவிலங்குப் பூங்கா ஆகிய மூன்றையும் ஒரே ஓட்டத்தில் பார்த்துவிடலாமா? இரஞ்சன், வானுக்கு யாரிடம் சொல்லலாம்?

இரஞ்சன் (வெள்ளவத்தை): வான் கிடைக்கும், அக்கா. திகதியைச் சொல்லுங்கள்.

பெரியம்மா: தேருக்கு முன்னர் யாரும் வெளியூரில் இராத் தங்கக் கூடாது. அம்மா இருந்த காலத்தில் வீட்டில் கேட்டுவிட்டுத்தான் பயணச்சீட்டு எடுப்பார்கள்.

வதனி: பெரியம்மா, பிள்ளைகளின் பாடசாலை விடுமுறையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. செப்ரெம்பர் முதல் திங்கட்கிழமை கழிந்த மறுநாள் அங்கே பாடசாலை தொடங்கிவிடும்.

குமரன் (இலண்டன்): நானும் வருவேன். திகதி முடிவானால்தான் விடுப்புக் கேட்கலாம்.

சிவபாலன் மாமா: பிள்ளை வதனி, நீர் சொன்ன மூன்று இடங்களும் அருமையான இடங்கள்தாம், ஆனால் ஓகஸ்ட் மாதம் அவற்றில் இரண்டுக்குரிய காலம் அன்று. மே முதல் செப்ரெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, தான் சுமந்து வரும் ஈரத்தையெல்லாம் சிங்கராஜாவிலும் மலைநாட்டின் மேற்குச் சரிவிலும் இறக்கிவிட்டு, மலையைத் தாண்டியபின் வெறுங்காற்றாகக் கிழக்கே இறங்குகிறது. சிங்கராஜாவில் நனைந்தபடி அட்டையைப் பிடுங்கிக்கொண்டு நடக்கும் அதே நாளில் கிழக்குக் கரையில் நிலாவெளிக் கடல் குளம்போல் கிடக்கும். சிறிய தீவுதான் என்றாலும், எந்த மாதத்தில் எந்தக் கரைக்குப் போவது என்று பார்த்துப் போகிறவருக்குத்தான் இந்நாடு தன்னைக் காட்டும்.

கீதா மாமி: மாமா நேற்றிரவே வரைபடத்தை மேசையில் விரித்துவிட்டார்.

வதனி: உலக முடிவுக்காவது போக முடியாதா, மாமா? மூத்தவன் அதன் படத்தைப் பார்த்த நாள்முதல் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

சிவபாலன் மாமா: போகலாம். ஆனால் அவன் எதைப் பார்ப்பான் என்பதை யோசித்துப் பாரும். உலக முடிவு இருக்கும் ஹோர்ட்டன் சமவெளி கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே இருக்கிறது. உலக முடிவில் தரை திடீரென்று முடிந்து ஏறத்தாழ 870 மீற்றர் கீழே விழுகிறது. தெளிந்த காலையில் அந்த விளிம்பில் நின்றவர் அதை வாழ்நாளில் மறக்க மாட்டார். ஆனால் ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் கீழிருந்து முகில் ஏறி வந்துவிடும். பருவக்காற்றுக் காலத்தில் விடிந்ததிலிருந்தே மூடியிருக்கும் நாள்களும் உண்டு. ஒன்பதரைக் கிலோமீற்றர் சுற்றுப்பாதையைக் குளிரில் நடந்து முடித்து வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தால் பிள்ளைக்கு மனம் விட்டுப்போகும். சனவரி முதல் மார்ச் வரையான காலமே அதற்கு நல்லது. அக்காவின் முழங்காலையும் நினைக்க வேண்டும்.

பெரியம்மா: என் முழங்காலை ஏன் இதற்குள் இழுக்கிறாய், தம்பி? நான் மலைக்கு வருவதாகச் சொல்லவே இல்லையே.

குமரன்: யால எப்படி, மாமா?

சிவபாலன் மாமா: யால வறண்ட பக்கம், மழை தடையாகாது. ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து நாட்டின் மறு முனைக்குப் போக வேண்டும். அத்தோடு, அதிகம் பேர் பார்க்கும் முதலாம் பிரிவை வறட்சி காரணமாகச் செப்ரெம்பரில் சில வாரங்கள் மூடிவிடுவது வழக்கம். தேரும் தீர்த்தமும் முடிந்து புறப்பட்டுப் போய்ச் சேரும்போது வாயில் பூட்டியிருந்தால் என்ன செய்வது?

இரஞ்சன்: வானுக்கு முற்பணம் கொடுக்க வேண்டும். போன முறைக் கணக்கு இன்னும் தீரவில்லை என்பதையும் நினைவூட்டுகிறேன்.

குமரன்: என் பங்கை அன்றைக்கே கொடுத்துவிட்டேன்.

இரஞ்சன்: எரிபொருளுக்குரிய பங்கைக் கொடுத்தீர்கள், அண்ணா. தங்குமிடத்துக்குரியது வரவில்லை.

குமரன்: அந்த விடுதி சொன்ன வாடகை ஒன்று, கடைசியில் எழுதித் தந்த கணக்கு வேறொன்று. அதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?

கீதா மாமி: அதைத் தனியாகப் பேசுங்கள். பிள்ளைகளும் இந்தக் குழுவை வாசிக்கிறார்கள்.

வதனி: மாமா, அப்படியானால் எங்கே போவது என்று நீங்களே சொல்லுங்கள்.

சிவபாலன் மாமா: என் மனதில் இருப்பவை இரண்டே இடங்கள்: மின்னேரியாவும் நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாத்தீவும். இரண்டுக்கும் இதுதான் காலம். மின்னேரியாக் குளம் மூன்றாம் நூற்றாண்டில் மகாசேன மன்னன் கட்டியது. ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களில் குளத்து நீர் வற்றி உள்வாங்க, ஈரமான தரையில் இளம்புல் முளைக்கும். சுற்றிலும் காடு காய்ந்து கிடக்கும் அந்நேரத்தில் நீரும் புல்லும் ஒரே இடத்தில் கிடைப்பதால் பல காடுகளிலிருந்தும் யானைகள் அங்கே இறங்கி வருகின்றன. நல்ல ஆண்டுகளில் முந்நூறு வரை கூடுவதுண்டு. ஆசியாவில் காட்டு யானைகள் இவ்வளவு பெருந்தொகையாகக் கூடும் இடம் வேறில்லை என்று சொல்வார்கள்.

எண்ணிக்கையைவிட, பிள்ளைகள் ஒரே ஒரு யானையைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும் என்பதே என் ஆசை. அது புல்லைத் துதிக்கையால் சுற்றிப் பிடிக்கும். முன்காலின் நகத்தால் வேரடியில் மெல்ல உதைத்துப் பெயர்க்கும். பெயர்த்த புற்கட்டை முழங்காலில் இரண்டு தரம் தட்டி மண்ணை உதறும். அதன் பிறகுதான் வாய்க்குள் வைக்கும். பக்கத்தில் நிற்கும் குட்டி அதையே செய்து பார்த்து, பாதிப் புல்லைக் கீழே போட்டுவிடும். பக்கம் பக்கமாக நான் வகுப்பில் படிப்பித்ததை மாணவர்கள் அங்கே கால் மணி நேரத்தில் விளங்கிக்கொண்டதைக் கண்டிருக்கிறேன்.

வதனி: இதை இரவு அவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன், மாமா.

இரஞ்சன்: சில ஆண்டுகளில் மின்னேரியாவில் யானையே இல்லை என்று திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

சிவபாலன் மாமா: அதுவும் உண்மைதான், அதற்குக் காரணமும் உண்டு. 2018 தொடக்கத்தில் மொறகஹகந்த நீர்த்தேக்கம் திறக்கப்பட்ட பிறகு, அங்கிருந்து வரும் நீரால் மின்னேரியாக் குளம் வறட்சியிலும் நிறைந்து நின்ற காலங்கள் இருந்தன. வயலுக்கு நீர் வேண்டும், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குளத்தின் தரை வெளிப்படாவிட்டால் புல் இல்லை, புல் இல்லாவிட்டால் யானை அங்கே நிற்பதில்லை. அது பக்கத்துக் கவுடுல்லப் பூங்காவுக்கோ ஹுருலுக் காட்டுக்கோ போய்விடும். மூன்றும் ஹபரணை நகரிலிருந்து கிட்டத்தான் இருக்கின்றன. ஆகவே எந்தப் பூங்கா என்று இங்கிருந்தே முடிவு செய்யாமல், ஹபரணையில் தங்கி, முதல்நாள் மாலை யானை எங்கே நின்றது என்று ஜீப் சாரதிகளிடம் விசாரித்துவிட்டுப் போக வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு போவது நல்லது.

குமரன்: தந்தம் உள்ள யானையைப் பார்க்கலாமா? மகள் கேட்கிறாள்.

சிவபாலன் மாமா: பார்த்தால் அவளுடைய நல்ல காலம். எங்கள் நாட்டு ஆண் யானைகளில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவற்றுக்கே தந்தம் உண்டு. 2011-இல் எடுத்த கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 5,879 யானைகள் இருந்தன. இன்னொன்றையும் இப்போதே சொல்லி வைக்கிறேன். ஜீப்பை யானைக்குக் கிட்ட விடும்படி யாரும் சாரதியை நெருக்கக் கூடாது. நாலைந்து ஜீப்புகள் சுற்றி வளைத்து நிற்க, தாய் யானை குட்டியை வயிற்றுக்குக் கீழே தள்ளிக்கொண்டு தவிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி எடுக்கும் படம் நமக்கு வேண்டாம். தூரத்தில் நிறுத்தச் சொல்லிப் பணம் கொடுப்போம்.

வதனி: சரி, மாமா. நான் பிள்ளைகளிடமும் அவர்களுடைய அப்பாவிடமும் சொல்லிவிடுகிறேன்.

இரஞ்சன்: பூங்கா நுழைவுச்சீட்டு வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குப் பல மடங்கு அதிகம். அதைப் பொதுக் கணக்கில் போடுவதா, அவரவர் கட்டுவதா?

குமரன்: எங்களிடம் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு இருப்பதற்காக நாங்கள் இந்த நாட்டுப் பிள்ளைகள் இல்லையென்று ஆகிவிடுமா?

இரஞ்சன்: நான் அப்படிச் சொல்லவில்லை, அண்ணா. வாயிலில் நிற்பவர் அப்படித்தான் கேட்பார்.

வதனி: நாங்கள் எங்கள் பங்கைக் கட்டுகிறோம். அதில் பிரச்சினையில்லை.

பெரியம்மா: புறாத்தீவு என்றது திருகோணமலைப் பக்கந்தானே? அப்படியானால் கன்னியாவுக்கும் போக வேண்டும். அம்மாவின் பெயரில் அங்கே ஒரு பூசை செய்ய வேண்டுமென்று எத்தனை வருடமாகச் சொல்கிறேன்.

வதனி: கன்னியா என்றால் வெந்நீர்க் கிணறுகளா, பெரியம்மா?

பெரியம்மா: ஏழு கிணறுகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்த இடம் என்பார்கள். நானும் உன் அம்மாவும் சிறுபிள்ளையாக இருந்தபோது அம்மா எங்களை வரிசையாக நிற்பாட்டி, ஒவ்வொரு கிணற்றிலிருந்தும் வாளியால் வார்த்தார். கோணேசர் கோயிலுக்கும் போய் வரலாம்.

சிவபாலன் மாமா: அக்கா சொல்வது சரி. கன்னியா, நகரிலிருந்து நிலாவெளிக்குப் போகும்போது சற்று விலகிப் போனால் வந்துவிடும். அதைக் காலையில் வைத்துக்கொள்ளலாம்.

குமரன்: புறாத்தீவில் சுறா இருக்கிறதாமே?

பெரியம்மா: சுறாவா? அந்தக் கடலுக்குள்ளா பிள்ளைகளை இறக்கப் போகிறீர்கள்?

சிவபாலன் மாமா: அக்கா, பயப்பட வேண்டாம். அவை செட்டை நுனியில் கறுப்பு நிறமுள்ள சிறிய சுறாக்கள். ஆழமில்லாத நீரில் மீன் தேடித் திரியும். ஆளைக் கண்டால் விலகிப் போகும். கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவில் இருக்கும் அந்தத் தீவு 2003-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. கடலை மையமாகக் கொண்ட தேசியப் பூங்காக்களில் ஹிக்கடுவையோடு சேர்த்துச் சொல்லப்படுவது இதுதான். அங்குள்ள மாடப்புறாக்களால் வந்த பெயர்.

வதனி, உம்முடைய பிள்ளைகளுக்கு நீந்தத் தெரியும் என்பதால் கண்ணாடி முகமூடியும் மூச்சுக் குழாயும் போதும். ஆனாலும் உயிர்காப்பு அங்கியைக் கட்டாயம் போட வேண்டும். தலையை நீருக்குள் வைத்து அசையாமல் மிதந்தால் "கறுக், கறுக்" என்று ஒரு சத்தம் கேட்கும். அது கிளிமீன் பவளத்தைக் கடிக்கும் சத்தம். அது கடித்து அரைத்து வெளியேற்றுவதுதான் வெண்மணலில் ஒரு பங்காகிறது. இதை அவர்களுக்கு முன்பே சொல்லாதீர். தாமே கேட்டு வந்து என்னிடம் கேட்கட்டும்.

பவளத்தின்மேல் கால் வைப்பதை மட்டும் ஒருவரும் செய்யக் கூடாது. களைத்துப் போனால் மணல் உள்ள இடத்தில் நில்லுங்கள், அல்லது படகுக்கு வாருங்கள். பாறைபோல் திரண்ட பவளம் ஓர் ஆண்டில் ஒரு சென்ரிமீற்றர் அளவுதான் வளரும். கடல் சூடேறி வெளிறிப்போன பவளம் அங்கே ஏற்கெனவே நிறைய உண்டு; மிஞ்சியதையாவது மிதிக்காமல் விடுவோம். கூட்டம் சேர்வதற்கு முன், காலை முதற்படகில் போவோம்.

வதனி: பெரியம்மா கரையில் இருக்கலாமா, மாமா? அங்கே நிழல் உண்டா?

சிவபாலன் மாமா: தீவில் நிழல் குறைவு. அக்காவும் உம்முடைய அம்மா சின்னக்காவும் நிலாவெளிக் கரையில் இருப்பது நல்லது. கீதாவும் கூட இருப்பாள்.

கீதா மாமி: என்னைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டீர்கள். நானும் அந்தத் தீவைப் பார்த்ததில்லை.

சிவபாலன் மாமா: அப்படியானால் நீரும் வாரும். கரையில் யார் நிற்பது என்று பிறகு பார்ப்போம்.

இரஞ்சன்: திகதி இன்னும் வரவில்லை.

பெரியம்மா: தீர்த்தம் முடிந்து, பூங்காவனம் முடிந்து, வைரவர் மடையும் முடிய வேண்டும். அதுவரை வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லை. விடுதியில் மச்சம் சமைத்த சட்டியில் நமக்கும் சமைப்பார்கள்.

வதனி: பெரியம்மா, அப்படிப் பார்த்தால் எங்களுக்குக் கிடைப்பது மிகச் சில நாள்கள்தாம். தேருக்கு முன்னர் ஒரு பகலிலாவது எங்கேயாவது கூட்டிப்போக முடியாதா?

குமரன்: நெடுந்தீவுக்குப் போகலாமே. இரவு தங்கத் தேவையில்லை. குறிகட்டுவானில் காலைப் படகு பிடித்தால் பின்னேரம் திரும்பிவிடலாம்.

சிவபாலன் மாமா: நல்ல யோசனை. குதிரைகள் கட்டுக்கடங்காமல் திறந்த வெளியில் மேய்வதைப் பிள்ளைகள் பார்க்கலாம்; ஐரோப்பியர் கொண்டுவந்து விட்டுப்போனவற்றின் வழிவந்தவை. உள்ளே குடைந்ததுபோல் நிற்கும் பெருக்கமரத்துக்குள் எல்லோருமே நுழைந்து நிற்கலாம். வீட்டு வேலிகள் பவளக் கல்லை அடுக்கிக் கட்டியவை. அந்தக் கல்லைப் பார்த்த பிறகு புறாத்தீவில் உயிருள்ள பவளத்தைப் பார்ப்பது பிள்ளைகளுக்கு இன்னும் விளங்கும். ஆனால் ஓகஸ்டில் தரை காய்ந்திருக்கும். குதிரைகள் தண்ணீர் தேடி அலையும் காலம் அது. குடிக்க நீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

பெரியம்மா: அந்தக் கடலில் உன் சின்னக்கா படகேற மாட்டாள், தம்பி. உனக்குத் தெரியாததா?

வதனி: அம்மாவிடம் நான் இதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்கவும் தயக்கமாக இருக்கிறது.

சிவபாலன் மாமா: கேட்க வேண்டாம், பிள்ளை. சின்னக்கா அன்று அக்காவோடு கோயிலுக்குப் போகட்டும். பிள்ளைகளை நானும் குமரனும் கூட்டிப்போகிறோம்.

இரஞ்சன்: அப்படியானால் வான் திருகோணமலைக்கும் ஹபரணைக்கும் மட்டும் என்று சொல்கிறேன். வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை, திரும்பும்போது ஹபரணை. சரிதானே?

சிவபாலன் மாமா: முதலில் ஹபரணைக்குப் போனால் என்ன? யானையைப் பார்க்க ஒரு மாலை தவறினாலும் மறு மாலை இருக்குமே.

பெரியம்மா: முதலில் கன்னியா. பூசை முடியாமல் நான் வேறெங்கும் வர மாட்டேன்.

குமரன்: எனக்கு விடுப்புக் கேட்கத் திகதி வேண்டும்.

வதனி: எங்கள் விமானம் திரும்பும் நாளை மாற்ற முடியுமா என்று இன்றைக்கு விசாரிக்கிறேன். மூத்தவன் உலக முடிவை இன்னும் விடவில்லை. ஒரு சனவரியில் அவனைக் கட்டாயம் கூட்டி வருவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இரஞ்சன்: முற்பணத்தை நாளை கட்டாவிட்டால் அவர் வானை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். திருவிழாக் காலம்.

பெரியம்மா: நாளை வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் போய் வந்து சொல்கிறேன். அதுவரை ஒருவரும் பணம் கட்ட வேண்டாம்.