2019 நிலக்கோட்டை, பெரியகுளம் இடைத்தேர்தல் சமயத்தில் உங்களுக்கு என்ன நடந்தது?

பூம்பாறைக்காரன்:
2019. நிலக்கோட்டையிலும் பெரியகுளத்திலும் இடைத்தேர்தல். நாங்கள் பழனித் தொகுதி, எங்களுக்கு அதில் சம்பந்தமே இல்லை. ஆனால் பூண்டு விற்கக் கொடைக்கானல் மலையிலிருந்து பெரியகுளம் பக்கத்து வடுகபட்டிச் சந்தைக்குத்தானே இறங்க வேண்டும்? விற்று, 82,000 ரூபாயோடு திரும்பினேன். தேவதானப்பட்டி தாண்டியதும் பறக்கும் படை. கமிஷன் கடைச் சீட்டில் கையெழுத்து இல்லையாம். வீடியோ எடுத்த பையன், "பையைத் தூக்கிப் பிடியுங்கள்" என்றான். மஞ்சள் பையைத் தூக்கிப் பிடித்தேன், திருடனைப் போல. பின்னால் நின்ற பஸ் முழுக்க எங்கள் ஊர் ஆட்கள். பணம் பதினோரு நாளில் வந்துவிட்டது. பையைத் தூக்கியதுதான் மனதை விட்டு இறங்கவில்லை.

பண்ணைக்காட்டு ஆசிரியை:
அண்ணா, ஏப்ரல் 18 அன்று நாடாளுமன்றத் தேர்தலும் சேர்ந்தே நடந்தது. இடைத்தேர்தல் இல்லாவிட்டாலும் உங்கள் பையைத் திறந்திருப்பார்கள்.
எனக்கு நிலக்கோட்டைத் தொகுதியில் ஒரு வாக்குச்சாவடியில் பணி. இரண்டு ஓட்டு, இரண்டு இயந்திரம். ஒரு பாட்டி முதல் இயந்திரத்தில் அழுத்திவிட்டு வாசலுக்கு நடந்துவிட்டார். "பாட்டி, எம்.எல்.ஏ. ஓட்டு பாக்கி இருக்கிறது" என்று பின்னாலேயே ஓடினேன். மை வைத்த விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு. என்னைக் கள்ள ஓட்டுப் போடச் சொல்கிறாயா?" ஒன்றரை வருடமாக எம்.எல்.ஏ. இல்லாத தொகுதி அது! ஏஜெண்டுகள் சிரித்தார்கள். பதிவேட்டில் கையெழுத்து ஆகிவிட்டது, இயந்திரத்தில் ஒன்று குறையுமே என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. கெஞ்சிக் கூட்டி வந்தேன். சாயங்காலம் வரை பாட்டி என்னைத் திட்டிக்கொண்டே வெளியில் உட்கார்ந்திருந்தார்.

மலைச்சாலை:
ஏன் ஒன்றரை வருடம் என்பதை டீச்சர் விட்டுவிட்டார். 2017 செப்டம்பரில் நிலக்கோட்டை எம்.எல்.ஏ. உட்பட 18 எம்.எல்.ஏ.க்கள் தகுதி நீக்கம். உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். மூன்றாம் நீதிபதி 2018 அக்டோபரில்தான் முடித்து வைத்தார். காலி இடத்தை ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்ற சட்டம் அதுவரை வழக்கைப் பார்த்துக்கொண்டு நின்றது.
என் அனுபவம் சிறியது. வத்தலக்குண்டில் காரில் இருந்த பலாப்பழத்தைக்கூடத் தட்டிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். ஆனால் பூம்பாறைக்காரருக்கு ஒன்று சொல்ல வேண்டும். தேர்தல் நேரத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக எடுத்துப் போகாதீர்கள். போனால் விற்ற சீட்டு, சிட்டா, அடையாள அட்டை மூன்றும் கையில் இருக்கட்டும். பறிமுதல் செய்தால் ரசீது வாங்காமல் நகராதீர்கள். மாவட்டத்தில் இதற்கென்றே மேல்முறையீட்டுக் குழு உண்டு. கமிஷன் கடைக்காரரை வங்கிக் கணக்கில் போடச் சொன்னால் இந்தத் தொல்லையே இல்லை. முதலில் சீட்டு வாங்கப் பழகுங்கள்.

பூம்பாறைக்காரன்:
சீட்டு இருந்தது ஐயா. கையெழுத்துதான் இல்லை. மேலே எழுதியிருக்கிறேனே, படிக்கவில்லையா?