புதிதாக வண்டி ஓட்டும் தங்கைக்கு எடை குறைந்த ஸ்கூட்டர்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். அவிநாசியிலிருந்து திருப்பூரில் உள்ள பின்னலாடை நிறுவனத்துக்கு நாள்தோறும் போக வர ஏறத்தாழ 30 கிலோமீட்டர் செல்லவிருக்கும் என் தங்கை இப்போதுதான் வண்டி பழகியிருக்கிறாள் என்பதால், எடையும் திறனும் குறைந்த ஸ்கூட்டர் ஒன்றைத் தேடுகிறோம். ஓட்டுநர் உரிமமும் பதிவும் தேவையில்லாத, 250 வாட் திறனுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்ட மின்சார ஸ்கூட்டரைத்தான் முதலில் நினைத்தோம். ஆனால் லாரிகளும் பனியன் கம்பெனி வேன்களும் விரைகிற அந்தச் சாலையில் அவ்வளவு மெதுவாகச் செல்வதே ஆபத்து என்று எனக்குத் தோன்றுகிறது.

103 கிலோ எடையும் 760 மில்லிமீட்டர் இருக்கை உயரமும் கொண்ட டிவிஎஸ் ஸ்கூட்டி ஜெஸ்டில், ஐந்தடிக்குச் சற்றே குறைவான அவளால் கால்களை நன்றாக ஊன்ற முடியும் என நம்புகிறேன். அதில் இருவராக மேம்பாலம் ஏறியவர்கள் இழுவை எப்படி என்று தயவுசெய்து சொல்லுங்கள். 87.8 சிசி ஸ்கூட்டி பெப் பிளஸ் இன்னும் எடை குறைவு. பழைய வண்டியாக வாங்கினால் உதிரிபாகங்கள் இங்கே தடையின்றிக் கிடைக்கின்றனவா?